ஓவியசாலையில் ஒரு தமிழ்க் குரல்

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வார இறுதியைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். சனிக்கிழமை விடிந்ததும் வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்கள் புத்தகப் பை சுமந்த பிள்ளைகளால் நிறைந்துவிடுகின்றன. கணிதம் ஒரு வீட்டில், விஞ்ஞானம் மறு வீட்டில், ஆங்கிலம் மாடியில். பிற்பகலில் அதே பிள்ளைகளுட் சிலர் வயலின் பெட்டியோடும் சிலர் சலங்கையோடும் மீண்டும் புறப்படுகின்றனர். கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். அங்கே ஞாயிறு காலையில் மறைக்கல்வியும் அறநெறி வகுப்பும் உடன் சேரும். இத்தனை வகுப்புகளுக்கும் பொழுதும் பொருளும் ஒதுக்கும் பெற்றோர், தம் பிள்ளையைச் சித்திர வகுப்புக்கு அனுப்பினர் என்று கேட்பது அரிது. குடும்பத்தோடு ஓர் ஓவியக் கண்காட்சிக்குச் சென்று வந்தனர் என்று கேட்பது அதனினும் அரிது.

பெற்றோரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில், அவர்கள் படும் பாட்டை நான் நன்கு அறிவேன். ஆயினும் இந்த அருமைக்குக் காரணம் என்ன என்று ஆராய்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இலக்கிய அன்பர்க்கும் கடமையென்றே கருதுகிறேன்.

தொலைவு காரணமன்று. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தொலைவில், கொழும்பு ஏழாம் வட்டாரத்திலும் அதன் அயலிலும், இந்நாட்டின் ஓவியச் செல்வம் திரண்டு கிடக்கின்றது. முன்னாளில் பசுமைப் பாதை என வழங்கிய வீதியில் தேசிய கலாபவனம் இருக்கின்றது. அவ்வீதிக்கு இப்போது ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று பெயர். கொழும்பில் 1877இல் பிறந்து, சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய், கீழைத்தேயக் கலையை மேலை உலகுக்கு விளக்கிக் காட்டிய அப்பேரறிஞரின் பெயரை நம் நாட்டுக் கலைவீதி தாங்கி நிற்கின்றது. 1993 முதல் ஜோர்ஜ் கீற் நிறுவகம் நடத்திவரும் 'கலா பொல' என்னும் திறந்தவெளி ஓவியச் சந்தை கூடுவதும் இவ்வீதியோரத்தில்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒரு ஞாயிறன்று நூற்றுக்கணக்கான ஓவியரும் சிற்பியரும் மரநிழலில் தம் படைப்புகளைப் பரப்பி வைத்திருப்பர். நுழைவுச் சீட்டு இல்லை. ஓவியரோடு நேரே உரையாடலாம்.

அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் லயனல் வென்ட் கலைநிலையம் உள்ளது. பியானோ மேதையும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ட் 1944இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டின் ஓகஸ்ற் மாதத்தில் அவருடைய இல்லத்திற் கூடிய ஓவியர்களே '43 குழு' என்று பின்னர் உலகம் அறிந்த கூட்டத்தினர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், றிச்சர்ட் கப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் அக்குழுவினர். வென்ட் வாழ்ந்த இடத்திலேயே 1953இல் அவர் நினைவாக அரங்கும் ஓவியக் கூடமும் எழுந்தன. பாண்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் தம் இல்லத்தையே 1974இல் சப்புமால் நிறுவகம் என்னும் பெயரில் ஓவியத்துக்கு உரிமையாக்கினார். 43 குழுவினரின் ஓவியங்களை ஒரு வீட்டின் அமைதியில் அங்கே காணலாம்.

இவற்றுள் லயனல் வென்ட் நிலையம் நமக்கு அறிமுகமில்லாத இடமன்று. மருமகளின் அரங்கேற்றத்துக்கும் நண்பர் மகனின் மிருதங்க அரங்கேற்றத்துக்கும் பட்டுடுத்தி அங்கே சென்றிருக்கிறோம். அரங்கை ஒட்டியே ஓவியக் கூடம் இருக்கின்றது. நிகழ்ச்சி தொடங்கும்வரை வாயிலில் நின்று நலம் விசாரிக்கும் நம்மவருள் எத்தனை பேர் பத்தடி நடந்து அக்கூடத்துள் எட்டிப் பார்த்தனர்? கதவு திறந்திருந்தும் கால் செல்லவில்லை. ஆகவே தடை வேறெங்கோ இருக்கின்றது.

"ஓவியத்துக்கு மொழி ஏது? கண் உடையவன் எவனும் பார்க்கலாமே" என்பர். கேட்பதற்கு இனிய வாசகம்; ஆயின் பாதி உண்மையே. ஓவியத்துக்கு மொழியில்லாதிருக்கலாம். ஓவியசாலைக்கு மொழி உண்டு. கண்காட்சி எப்போது தொடங்குகின்றது என்று அறிவிக்கும் துண்டுப் பிரசுரத்துக்கு மொழி உண்டு. சிறுவர் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் படிவத்துக்கு மொழி உண்டு. படத்தின் அருகே தொங்கும் குறிப்புக்கும், வகுப்பில் "இந்த நிழலைப் பார்" என்று சொல்லும் ஆசிரியரின் வாய்க்கும் மொழி உண்டு. இவை அனைத்தும் பிறமொழியில் இருக்கும்போது, தமிழ் மட்டுமே அறிந்த ஒரு தாயும் அவள் கையைப் பற்றிய பிள்ளையும் வாயிலிலேயே விருந்தாளிகளாகிவிடுகின்றனர். அழையாத விருந்தாளி நெடுநேரம் தங்குவதில்லை.

ஓவியம் காண்பதற்குப் பேச்சுத் தேவையென்பது என் புதுக்கண்டுபிடிப்பன்று. பரிபாடலைக் கற்றோர் அறிவர்: திருப்பரங்குன்றத்துக்கு வழிபடச் சென்ற மக்கள் அங்கிருந்த எழுத்துநிலை மண்டபத்தில் ஓவியங்களைப் பார்க்கின்றனர். வெறுமனே பார்க்கவில்லை, இவர் யார், அவர் யார் என்று வினவுகின்றனர். அறிந்தவர் சுட்டிக் காட்டி, இது காமனும் இரதியும், இது அகலிகையின் கதை என்று விளக்குகின்றனர். தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஓவியசாலைக் காட்சி இதுவேயெனலாம். அதிலே ஓவியமும் காண்போரும் மட்டும் இல்லை. சுட்டிக் காட்டுவாரும் இருக்கின்றனர். அவர்தம் பேச்சு தமிழாயிருக்கின்றது. வண்ணந் தீட்டாத கோட்டோவியத்துக்குத் தனிப்பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. சித்திர மாடத்தில் உயிர்நீத்தமையால் அம்மாடத்தின் பெயராலேயே குறிக்கப்படும் பாண்டியனும் நம் வரலாற்றில் உண்டு. ஆகவே தமிழர்க்கு ஓவிய ரசனை இயல்பன்று என்பது பிழை. சுட்டிக் காட்டுவார் இடையில் இல்லாமற் போயினர் என்பதே உண்மை.

கலை ரசனை கற்பித்தால் வளரும் என்பதற்கு நம் இல்லங்களிலேயே சான்று இருக்கின்றது. நூறாண்டுகளுக்கு முன்னர், குடும்பப் பெண்ணுக்குச் சதிர் கற்பிப்பதை நம் முன்னோர் கனவிலும் நினைத்திரார். உருக்மிணி தேவி 1935இல் மேடையேறினார்; 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது; ஆசிரியர்கள் உருவாகினர்; பாடத்திட்டம் வந்தது; பத்திரிகைகள் விமரிசனம் எழுதின. இரண்டு தலைமுறைக்குள் பரதநாட்டியம் வெள்ளவத்தை வீடுகளின் பெருமையாயிற்று. இன்று நம் பாட்டிமார் அடவையும் அபிநயத்தையும் பற்றி அபிப்பிராயம் சொல்கின்றனர். அவர்கள் பிறக்கும்போதே அந்தக் கண்ணோடு பிறந்தவர்களல்லர். வகுப்பும் வாய்ப்பும் பேச்சும் அக்கண்ணைத் தந்தன. நடனத்துக்கு நிகழ்ந்தது சித்திரத்துக்கு நிகழவில்லை, அவ்வளவே.

நிகழவே இல்லை என்று சொல்வதும் முழுமையாகாது. 1920களில் இந்நாட்டுப் பாடசாலைகளின் சித்திரக்கலைப் பரிசோதகராய் இருந்த வின்சர் என்னும் ஆங்கிலேயர், பார்த்து எழுதும் பழக்கத்தை விட்டு மாணவர் தம் மனத்திற் பட்டதை வரைய வேண்டுமென்று ஊக்கினார். அவர் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவியவர், வடபகுதியின் சித்திர வித்தியாதிகாரியாய் விளங்கிய எஸ். ஆர். கனகசபை. பின்னர் அ. மாற்கு (1933–2000) முதலிய ஆசிரியர்கள் விடுமுறைக்கால ஓவியக் கழகத்திற் கூடி வரைந்தனர். பெயரே பொருளைச் சொல்லிவிடுகின்றது: பாடசாலை மூடிய நாட்களில் ஆசிரியர்கள் தூரிகை எடுத்தனர். மாற்குவின் வீட்டுத் திண்ணையிற் பயின்றோர் பின்னர் ஓவியராயினர். ஈழத்து நவீன தமிழ் ஓவியத்தின் வரலாறு, ஆராயப் புகின், பெரும்பாலும் வகுப்புகளின் வரலாறாகவே முடியும். மாளிகையும் பரிசும் அதனை வளர்க்கவில்லை. ஆசிரியர் ஒருவர், மாணவர் நால்வர், ஒரு விடுமுறை நாள் ஆகியனவே வளர்த்தன.

கொழும்பிலும் இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி உண்டு. 1949இல் கோரா ஏப்ரகாம் அம்மையார் தொடங்கிய சிறுவர் ஓவிய வகுப்புகள், பிள்ளையைத் திருத்துவதைவிடப் பிள்ளையின் கண்ணைத் திறப்பதே ஆசிரியர் தொழில் என்னும் நெறியில் பல தலைமுறைகளை வளர்த்தன. அத்தகைய வகுப்பொன்று தமிழ்ப் பிள்ளைகள் செறிந்து வாழும் இடத்தில், அவர்கள் சிந்திக்கும் மொழியில், வாரந்தோறும் நிகழ வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

அதன் அவசியத்தை அறிய விரும்புவோர் ஏதேனும் ஒரு சிறுவர் சித்திரப் போட்டிக்குச் சென்று பார்க்கட்டும். இரண்டு மலை, நடுவே உதிக்கும் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு, வானத்தில் நாலைந்து பறவைகள். பத்துப் பிள்ளைகளுள் ஏழெட்டுப் பேர் இதனையே வரைவர். வரைந்த பிள்ளை எங்கே வசிக்கின்றது? வெள்ளவத்தையில், தொடர்மாடியின் நாலாம் தளத்தில். நாள்தோறும் மாலையில் அதன் சாளரத்துக்கு நேரே சூரியன் கடலில் மறைகின்றது. கரையோர இருப்புப்பாதையில் புகைவண்டி ஓடுகின்றது. படிக்கட்டில் தொங்கும் பயணிகளின் சட்டை காற்றில் உப்புகின்றது. அவை ஒன்றும் அத்தாளில் இல்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் அதே இரண்டு மலையைத்தான் வரைகின்றது. சாந்த லூசியா பேராலயத்தின் பெருங் குவிமாடத்தின் கீழ்தான் தினமும் நடந்து செல்கின்றது. தன் கண்ணாற் கண்டதைத் தாளில் வைக்கத் தகுதியுள்ளதென்று அப்பிள்ளைக்கு எவரும் சொல்லவில்லை. இது கைத்திறன் குறைவன்று. தன் வாழ்வு படத்துக்குரியதன்று என்னும் எண்ணம் இளமையிலேயே படிந்துவிட்டது. கல்வியாளர் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே.

"சித்திரம் சோறு போடுமா?" என்னும் கேள்விக்கும் விடை கூற வேண்டும். வயலினும் பரதமும் எத்தனை வீடுகளில் சோறு போடுகின்றன என்று நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை. கட்டடக் கலைஞன், ஆடை வடிவமைப்போன், அச்சகத்தான், திரைப்படத்தான், உடற்கூறு வரையும் மருத்துவ மாணவன் ஆகிய அனைவரும் கோட்டின் துணையால் வாழ்வோரே. தமிழகத்தில் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பத்திக் முதலிய கைப்பணிகளை விற்ற பணத்திலேயே நிலம் வாங்கினர் என்பதும் நினைவுகூரத் தக்கது. எனினும் எல்லாப் பிள்ளைகளும் ஓவியராக வேண்டுமென்பது என் வாதமன்று. சங்கீதம் கற்றோர் யாவரும் பாடகராவதில்லை; நல்ல செவியுடையோராகின்றனர். அதுபோல் நல்ல கண்ணுடையோர் ஒரு சமூகத்துக்கு வேண்டும்.

ஏன் வேண்டும்? நம்மைப் போன்று இழந்தோர்க்கு அது இன்றியமையாதது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்தவற்றுள் எத்தனை வீடுகளின் புகைப்படத் தொகுப்புகள் இருந்தன! 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இரவோடிரவாக நடந்தபோதும் மக்கள் விட்டுச் சென்ற வீடுகள் எத்தனை! யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'முடிவுறாத தோம்பு' என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு நூல் செய்தார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களைத் தம் பழைய வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் செய்தார். அவ்வரைபடத்தின் பக்கத்தில் கட்டடக் கலைஞரின் அளவுப்படம். அதன் பின் ஓவியரின் வண்ணச் சித்திரம். பழைய காணிப் பதிவேட்டின் பெயரை அந்நூலுக்கு இட்டது பொருத்தமே. சித்திரம் பயிலாத மக்களின் கை, கிணறு இருந்த இடத்தையும் சாமியறையின் வாயிலையும் தவறாது குறித்தது. உறுதி எரிந்த காணிக்கும் கோடு சாட்சியாயிற்று.

இதனை எண்ணும்போதுதான் சித்திர வகுப்பைப் பொழுதுபோக்கென்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. நம் வரலாற்றைச் சொல்லிலே வைத்திருக்கிறோம். அதற்குக் கவிஞரும் கதாசிரியரும் உளர். கண்ணுக்குத் தெரியும் வடிவில் வைத்தோர் சிலரே. அவர்கள் வைத்ததைச் சென்று காண்போரும் சிலரே. வரைவாரும் காண்பாரும் அற்ற சமூகத்தின் நினைவு, அச்சமூகத்தை அறியாத பிறர் எடுக்கும் படங்களிலேயே தங்க நேரும்.

இனி, செய்ய வேண்டியவை. முதற்கண் ஓவியசாலைகளின் கடமை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியல் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கியது. பொதுப் பணத்தில் இயங்கும் கலைக்கூடம் தன் நிகழ்ச்சி நிரலையும் வகுப்பு அறிவித்தலையும் தமிழில் வெளியிடுவது சலுகையன்று, கடமை. சிறுவர் வகுப்புகளை நடத்தும் இடமொன்றில், அறிவித்தல் தமிழில் இல்லாமை குறித்து நான் வினவியபோது, "தமிழர் வருவதில்லையே" என்று விடை கிடைத்தது. வராதபடியால் அறிவிப்பதில்லை, அறிவிக்காதபடியால் வருவதில்லை. இந்தச் செக்கை யாரேனும் ஒருவர் நிறுத்த வேண்டும். இது இயலாத செயலுமன்று. 2019 டிசம்பரில் கொழும்பில் தோன்றிய நவீன சமகாலக் கலை அரும்பொருளகம் தொடக்கத்திலிருந்தே சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் தன் குறிப்புகளை எழுதியது. அதன் முதற் கண்காட்சியின் தலைப்பே சேரனுடைய கவிதையொன்றிலிருந்து பெறப்பட்டது. 2022 முதல் அது கொள்ளுப்பிட்டியில், காலி வீதிக் கடைத்தொகுதியொன்றில் இயங்கலாயிற்று. ஒருவர் செய்ததைப் பிறரும் செய்யலாம்.

அடுத்து, நம் கடமை. இது முன்னதினும் பெரிது. வெள்ளவத்தையில் 1942 முதல் பணிபுரியும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், கொட்டாஞ்சேனையில் 1902 முதல் நிலைபெற்ற விவேகானந்த சபையும் நூலும் மேடையும் தந்து நம்மை வளர்த்தவை. அவற்றின் மண்டபச் சுவரொன்று மாதத்துக்கு ஒருமுறை ஓவியத்துக்கு ஒதுக்கப்படுமாயின், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வரைகின்ற இளைஞர் தலைநகரில் காட்ட ஓர் இடம் பெறுவர். சனிக்கிழமைப் பிற்பகலில் இரண்டு மணிநேரம் அங்கே தமிழிற் சிறுவர் வகுப்பு நடத்தலாம். தாளும் கரியும் போதும், பெருஞ்செலவில்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளின் முதற்பாடத்துக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைவிடச் சிறந்த இடம் எது? சேர் பொன். இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய அத்தூண்களுக்கு முன்னால் பிள்ளையை அமர்த்தி, ஒளி எங்கே விழுகின்றது, நிழல் எங்கே தொடங்குகின்றது என்று கேட்டாற் போதும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடசாலைகளில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் என்னும் அழகியற் பாடங்களுள் ஒன்றைப் பிள்ளை தெரிந்தெடுக்கின்றது. குரலும் தாளமும் வாய்க்காதவர்க்குரிய ஒதுக்கிடமாகச் சித்திரத்தைக் கருதும் வழக்கத்தை விடுவோம். தவணைக்கு ஒருமுறையேனும் வகுப்பை வெளியே அழைத்துச் செல்வோம். கொழும்பு நூதனசாலையில் பொலன்னறுவையிற் கிடைத்த சோழர்கால நடராசரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் இருக்கின்றனர். தேவாரம் ஓதும் பிள்ளைக்கு அந்த வெண்கலச் சுந்தரரைக் காட்டுவது எளிது. அவர் நிற்கும் நிலையைக் கண்டபின், ஜோர்ஜ் கீற் தீட்டிய கண்ணனும் ராதையும் அந்நியராகத் தோன்றார். பழக்கமானதிலிருந்து பழக்கமில்லாததற்குச் செல்வதே கல்வியின் வழி.

இறுதியாக, இத்தகைய வாரமலர்களும் தம் பங்கைச் செலுத்த வேண்டும். நாவல் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறோம். நாடகம் மேடையேறினால் விமரிசிக்கிறோம். ஓவியக் கண்காட்சியைத் திறந்து வைத்த பிரமுகரின் படத்தை மட்டும் இட்டு, சுவரில் தொங்கிய படங்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடுகிறோம். எழுதப் புகுந்தாலன்றி அதற்குரிய தமிழ்ச் சொற்கள் வளரா. சொற்கள் வளர்ந்தாலன்றிச் சுட்டிக் காட்டுவோர் தோன்றார்.

அடுத்த கலா பொலவுக்கு நம் இல்லங்களிலிருந்து ஒரு பிள்ளையேனும் செல்லட்டும். அதன் கையைப் பிடித்துக்கொண்டு செல்பவர், பரங்குன்றத்து மண்டபத்தில் நின்ற அந்தப் பெயரறியாத் தமிழரைப் போல, ஏதேனும் ஒரு படத்தைச் சுட்டி, "இதில் உனக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்கட்டும். விடை எதுவாயினும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த உரையாடலுக்கு நுழைவுக் கட்டணம் எந்த ஓவியசாலையும் அறவிடுவதில்லை.